ஒரு டி-சர்ட்டும் ஒன்பது பெயர்களும்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்டிருந்த டி-சர்ட்டைப் படத்தில் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். "புதுசுன்னு சொன்னீங்க சார், இப்படி வெளுத்து வெடிச்சுக் கிடக்குதே?" என்று. என் அக்கா ஒருபடி மேலே போய், "உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கடா, திருப்பிக் குடுத்துட்டு வா" என்று போனே செய்துவிட்டார். யாரும் ஏமாற்றவில்லை. அதை அப்படித்தான் அடித்தார்கள். 'விண்டேஜ்' என்று அதற்குப் பெயராம். வரலாறு எடுத்த வாத்தியார் அல்லவா, பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986-ல் பத்தாவது முடித்தவர்கள் நாற்பதாம் ஆண்டுச் சந்திப்புக்காகச் செய்த சட்டை அது. மார்பில் நம் பள்ளியின் ஓட்டுக் கட்டடமும் வேப்பமரமும். முதுகில் வகுப்பின் பெயர்ப் பட்டியல். திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் அடித்தார்கள். மாதிரி பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டறைக்காரனும் அதே வகுப்பில் என்னிடம் படித்தவன்தான். வயது ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. ஆனாலும் எனக்கு 'அவன்' என்றுதான் வருகிறது.

முதலில் சட்டையின் கதை. டி-சர்ட் என்பது ஆரம்பத்தில் உள்ளாடை. அமெரிக்கக் கடற்படை வீரர்கள் சீருடைக்கு உள்ளே போட்டது. வெயிலில் வேலை செய்யும்போது மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இதோடு நின்றார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942 ஜூலையில், 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் ஒரு வீரர் வந்தார். அவர் பனியனில் விமானப்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சாகியிருந்தது. 1951-ல் மார்லன் பிராண்டோ ஒரு படத்தில் வெறும் டி-சர்ட்டோடு நடித்தார். அதன் பிறகு, உள்ளே போட்டது வெளியே வந்துவிட்டது.

அதில் படம் அடிக்கும் முறை சட்டையை விடப் பழையது. காகிதத்தில் வடிவத்தை வெட்டி, வெட்டிய இடம் வழியாகச் சாயம் இறக்குவதை ஜப்பானியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். 1907-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், சட்டத்தில் பட்டுத் துணியை இழுத்துக் கட்டி அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். மை இறங்க வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும், மற்ற இடம் அடைபட்டிருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. பட்டுக்குப் பதில் இப்போது பாலியெஸ்டர் வலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பது கணக்கு. நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால்தான் பழைய சட்டைகளில் ஒன்றிரண்டு நிறமும் தடித்த எழுத்தும் மட்டும் இருந்தன. அழகுக்காக அல்ல, காசுக்காக. ஆட்டோக்களின் முதுகில் நீங்கள் பார்க்கும் சே குவேராவும் இப்படி வந்தவர்தான். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பெர்ட்டோ கொர்டா எடுத்த புகைப்படம் அது. 1968-ல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் அதிலிருந்த சாம்பல் நிறங்களையெல்லாம் நீக்கி, கறுப்பும் சிவப்புமாகச் சுவரொட்டி ஆக்கினார். இரண்டே நிறம் என்பதால் எந்தச் சின்னப் பட்டறையிலும் அடிக்க முடிந்தது. உலகமே போட்டுக்கொண்டது. கொர்டாவுக்கு அதில் உரிமைத்தொகை எதுவும் வரவில்லை. சட்டையில் முகம் இருக்கும். படம் எடுத்தவர் பெயர் இருக்காது. சட்டையை அடித்தவன் பெயரோ எங்குமே இருக்காது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திருப்பூரில் 1920-களிலேயே பனியன் பின்னத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டு ஆர்டர் பெருகியது 1980-களில்தான். அந்தப் பெருக்கத்தைப் புள்ளிவிவரம் பார்த்து நான் தெரிந்துகொள்ளவில்லை. என் வகுப்பு பெஞ்சைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முழுப்பரீட்சை லீவில் 'கைமடிக்க' என்று பனியன் கம்பெனிக்குப் போகும் பையன்கள் ஜூனில் திரும்பி வரமாட்டார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் பழகிய வீட்டுக்கு அசோகர் கல்வெட்டு எதற்கு? ஒரு சில வீடுகளுக்குப் போய்ப் பேசினேன். எல்லா வீட்டுக்கும் போகவில்லை. போகாத வீடுகளில் இந்தப் பட்டறைக்காரன் வீடும் ஒன்று. தொடர்ந்து வராததால் சிவப்பு மையில் அவன் பெயரை அடித்தேன்.

பட்டறையில் அவன் எனக்கு எல்லாவற்றையும் காட்டினான். படத்தின் ஃபிலிமிலேயே பொடிப் புள்ளிகளும் கீறல்களும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் மை இறங்காது. பார்த்தால் முப்பது வருடம் துவைத்த சட்டை மாதிரி இருக்கும். மையையும் கனமில்லாமல் இறக்குகிறார்கள், கைக்குத் துணி போலவே தெரிய வேண்டும் என்று.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படி வந்தா ரிஜெக்ட்டுங்க சார். பைண்டர் கம்மியாப் போனாலும் வெடிக்கும், சூடு பத்தாட்டியும் வெடிக்கும். பீஸுக்கு இவ்வளவுன்னு சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. இப்ப அதே வெடிப்பைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுக்குறாங்க. அதுக்குக் கூடுதல் காசுங்க சார்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் சட்டையின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 42 பெயர்கள். பத்தாவது பரீட்சை எழுதியவர்கள் பட்டியல். அதில் அவன் பெயர் இல்லை. தன் பெயர் இல்லாத சட்டையை, தன் வகுப்புக்காக, அவனே அடித்துக்கொண்டிருந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான்தான் பத்தாவது வரலைங்களே சார்" என்றான் நான் கேட்டதற்கு.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் பழைய மார்க் நோட்டை எடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு, 1984-85. மொத்தம் 51 பேர். ஒன்பது பெயர்கள் மேல் சிவப்புக் கோடு. சந்திப்பு நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு, 51 பெயரும் வந்தால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். வயதான வாத்தியாருக்கு இந்த ஒரு மிரட்டல்தான் மிச்சம். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். புது ஃபிலிம் எடுத்து, புது ஸ்கிரீன் போட்டு, திரும்ப அடித்தார்கள். அந்தச் செலவை அவன் வாங்க மறுத்துவிட்டான்.

நான் போட்டிருப்பது அந்தச் சட்டைதான், அக்கா. திருப்பிக் கொடுக்க மாட்டேன். மார்பில் இருக்கும் வெடிப்பு பொய். முதுகில் இருக்கும் பட்டியல் நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் சரியாகியிருக்கிறது.

ஒன்பது பேரில் நான்கு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். மீதி ஐந்து பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் அளவிலும் சட்டை எடுத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்