ஏடுகளில் நம் முன்னோர்

கொங்கு நாட்டில் புதியவர் ஒருவரைச் சந்தித்தால், "எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க?" என்னும் வினாக்களே முதலில் எழுகின்றன. கூட்டம் தெரிந்தால் காணியூர் தெரியும். காணியூர் தெரிந்தால் குலதெய்வக் கோவில் தெரியும். அங்கே கூடும் பங்காளிகளையும் அறியலாம். நிலத்தோடு பிணைந்த இந்நினைவு காணியுடைய குடிகளுக்கு வாய்த்த பேறு. காணியற்றவர்க்கும், பஞ்சம் பிழைக்க ஊர்விட்டு ஊர் சென்றவர்க்கும், தாய்தந்தையை இழந்து பிறர் நிழலில் வளர்ந்தவர்க்கும் குடும்ப நினைவு பெரும்பாலும் பாட்டன் பெயரோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் செல்ல விரும்புவோர் ஏடுகளைத்தான் நாட வேண்டும்.

இவ்விருப்பம் துடியலூர் வட்டாரத்திலும் பெருகி வருவதை நாம் காண்கிறோம். சிலர் வாரிசுரிமைக்காகத் தேடுகின்றனர், சிலர் சான்றிதழுக்காக, சிலர் "நாம் யார்?" என்று அறியும் ஆவலால். துடியலூர் 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. தோட்டங்கள் மனையிடங்களாகிவிட்ட இந்நாளில், இன்ன கிணறு இன்னாருடையது என்று சொல்லும் முதியவர்களும் குறைந்து வருகின்றனர். எனவே எழுத்தில் எஞ்சியிருப்பவை எவை, அவற்றை எவ்வாறு படிப்பது என்று சிந்திப்பது தகும்.

எந்த ஏட்டைத் திறக்குமுன்னும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இதை எழுதியவர் எதற்காக எழுதினார்? நம் முன்னோரை நமக்கு அறிமுகம் செய்யவேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. வரி வாங்க எழுதினர். கடனுக்குச் சாட்சியாக எழுதினர். கூலியாளை எண்ணிக் கப்பலேற்ற எழுதினர். அந்த நோக்கத்துக்கு உதவியவர்கள் ஏட்டில் இடம்பெற்றனர், உதவாதவர்கள் விடுபட்டனர்.

நில ஆவணங்களை முதலில் காண்போம். ரயத்துவாரி முறையில் அரசு குடியானவரிடம் நேராக வரி வாங்கியது. எனவே அவர் பெயரைப் பட்டாவில் எழுத வேண்டியதாயிற்று. சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு ஆகிய கிராமக் கணக்குகளைப் பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள் காத்து வந்தனர். 1980இல் அப்பரம்பரைப் பதவிகள் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்யும் முறை, 1864ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1865 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பழைய கிரையப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், அவர்களுடைய தந்தையர் ஆகியோர் பெயர்கள் இருக்கும். நான்கு எல்லைகளைக் கூறும் செக்குபந்தியில் அண்டை நிலத்துக்காரர்களும், கடைசியில் சாட்சிகளும் இருப்பர். ஒரே தாளில் ஓர் ஊரின் பாதி உறவுமுறை கிடைத்துவிடுவதுண்டு. ஆனால் அந்நிலத்தை உழுத பண்ணையாளின் பெயரை அதில் தேடிப் பயனில்லை. அவர் வரி கட்டவில்லை, ஆகவே எழுதப்படவில்லை.

பிறப்பு இறப்புப் பதிவுகள் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. சென்னை மாகாணத்தில் இதற்கென 1899ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 1969இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. எனினும் பழைய பதிவுகள் பலவற்றில் "ஆண் குழந்தை" அல்லது "பெண் குழந்தை" என்பதோடு பெற்றோர் பெயர் மட்டுமே இருக்கும். குழந்தைக்குப் பெயரிடுமுன்பே பிறப்பு பதிவாகிவிடுவதே காரணம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவோர் ஏமாறுவர். பெற்றோர் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தவரே கண்டடைவர்.

பெயரோடு எழுதி வைத்த ஏடு பங்கின் திருமுழுக்குப் பதிவேடாகும். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமணங்களைப் பதிவு செய்யக் கட்டளையிட்டது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதும் முறையை வகுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம், பழைய ஏடுகளையும் கவனமாகக் காக்கப் பணிக்கிறது. கொங்கு நாட்டில் கருமத்தம்பட்டி போன்ற தொன்மையான பணித்தளங்கள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோவை 1850இல் புதுச்சேரியினின்று பிரிந்து தனி ஆட்சிப்பகுதியாகி, 1886இல் மறைமாவட்டமாயிற்று. ஆகவே ஒரு குடும்பத்தின் பழம்பதிவு இன்றைய பங்கில் கிடைக்காவிடில், அதன் தாய்ப்பங்கை அறிந்து அங்கே தேடவேண்டும்.

இவ்வேடுகளைப் படிப்போர் பெயர்களில் திகைப்பதுண்டு. இலத்தீனில் பேதுரு என்று எழுதப்பட்டவர் வீட்டில் இராயப்பன், பவுல் எனப்பட்டவர் சின்னப்பன், யோவான் அருளப்பன், ஸ்தேவான் முடியப்பன், யோசேப்பு சூசை. ஒரே மனிதர் கோவில் ஏட்டில் ஒரு பெயராலும் பத்திரத்தில் மற்றொரு பெயராலும் நிற்பார். இன்னொரு குறிப்பும் உதவும். 1908 முதல், திருமணம் எங்கு நடந்தாலும் அச்செய்தியைத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் எழுதும் வழக்கம் கட்டாயமாயிற்று. மணமாகி வேற்றூர் சென்ற பெண்ணைப் பின்தொடர இந்த ஓரக்குறிப்பே வழிகாட்டி. நில ஆவணங்களில் அரிதாகவே தோன்றும் பெண்கள் இங்கே தாயாகவும், ஞானத்தாயாகவும், மணமகளாகவும் பெயரோடு நிற்கின்றனர்.

காலமும் இடமும் தடுமாறச் செய்யும். பழைய பத்திரங்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. 'தாது' என்றால் அது 1816 ஆகலாம், 1876 ஆகலாம், 1936உம் ஆகலாம். கோவை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய 1876-78 பெரும்பஞ்சத்தை நம் முதியோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே கூறிவந்தனர். அவ்வாண்டுகளை ஒட்டி ஒரு குடும்பத்தின் பதிவுகள் திடீரென அற்றுப்போனால் அதன் காரணத்தை நாம் ஊகிக்க இயலும். "கோயமுத்தூர் ஜில்லா" என்ற சொல்லையும் இன்றைய எல்லைகளோடு படிக்கலாகாது. நீலகிரி 1868 வரை அதில் அடங்கியிருந்தது. கரூர் 1910இல் திருச்சியோடும், கொள்ளேகாலம் 1956இல் மைசூரோடும் சேர்ந்தன. ஈரோடு 1979இலும் திருப்பூர் 2009இலும் தனி மாவட்டங்களாயின.

செய்தித்தாள்களும் சான்று தருகின்றன. 1832இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ், 1882இல் தோன்றிய சுதேசமித்திரன், நம் நகரில் சே. ப. நரசிம்மலு நாயுடு நடத்திய கோயமுத்தூர் கலாநிதி ஆகியவை நினைவுக்கு வருகின்றன. நியமனங்கள், நீதிமன்ற ஏல அறிவிப்புகள், வாரிசு அறிவிப்புகள், இரங்கற் செய்திகள் எனப் பலவகைக் குறிப்புகள் அத்தகைய தாள்களில் உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தேடுவோர்க்குத் துணை. எனினும் படித்தவர், பதவியுற்றவர், வழக்காடியவர் ஆகியோரே அக்காலத் தாள்களில் மிகுதி. ஏழையின் மரணம் ஊர்வாரியான எண்ணிக்கையில் மட்டுமே இடம்பெற்றது.

அப்படியாயின் ஏழையை எவரும் முழுமையாக எழுதவில்லையா? எழுதினர், அவரை விற்பனைப் பொருள்போல் கடல் கடத்தியபோது எழுதினர். 1860 அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 342 பேருடன் நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய தழும்பும் மச்சமும், இன்று கொள்ளுப்பேரனுக்குக் கிடைத்த ஒரே உருவச் சித்திரமாகிவிட்டன. அப்பட்டியல்களை இன்று கணினியிலும் தேடலாம். மொரிஷியசில் மகாத்மா காந்தி நிறுவனம் அத்தகைய ஏடுகளை ஒளிப்படங்களோடு காத்து வருகிறது. நம் மண்ணில் பட்டாவில் இல்லாத பெயர்கள் கடலுக்கு அப்பால் காக்கப்பட்டிருப்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ஏடு இல்லாமை எத்துணைக் கொடுமை செய்யும் என்பதற்கு இலங்கை மலையகமே சான்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ அந்நாட்டில் பிறந்ததை நிறுவக் கேட்டது. தேயிலைத் தோட்டங்களில் பிறந்து அங்கேயே மாண்ட மக்களிடம் அதற்கான தாள் இல்லை. பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தவருள் பலர் நம் அண்டையிலுள்ள நீலகிரியில் குடியேறினர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. பாட்டனின் பிறப்புப் பதிவு ஒரு பெயரனின் நாட்டையே முடிவு செய்தது.

ஆதலால் முன்னோரைத் தேடுவது பெருமை பேசுவோரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. தேடத் தொடங்குவோர் தாம் விரும்பியதை மட்டும் கண்டு நிறுத்தலாகாது. ஒதுக்கப்பட்ட சாதி, தந்தை பெயர் இல்லாத குழந்தை, கடனால் இழந்த நிலம், பஞ்சத்தில் மாண்ட சிறுவர் என வெளிவருபவற்றுள் மறைக்கத் தோன்றுவனவும் இருக்கும். மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரை விலக்காமல் வைத்தார். வேற்றினத்தாரும் பழி சுமந்தோரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். நம் குடும்ப வரலாற்றை எழுதும் கைக்கும் அந்த நேர்மை வேண்டும்.

இறுதியாக, நாம் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரம், திருமணப் பத்திரிகை, பழைய கடிதம் எதையும் படிக்காமல் எரிக்கலாகாது. எண்பது வயதைக் கடந்தவரிடம் பாட்டியின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் கேட்டு, நாளும் இட்டு எழுதி வைக்க வேண்டும். பங்கு ஏடுகளைக் கரையானிடமிருந்து காத்துப் படியெடுத்து வைப்பது நம் கடமை. வீட்டு வேலைக்கு வருபவர், தோட்டத்தில் உழைப்பவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு இருக்கிறதா, அதில் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்து உதவுவதும் அதே கடமையின் பகுதியாகும். இன்று நாம் எழுதத் தவறும் பெயரை நூறாண்டு கழித்து எந்த ஏட்டிலும் எவரும் காண இயலாது.