யோகி என்னும் பந்தாட்ட வீரர்



'யோகி பெர்ரா' என்னும் பெயரை முதன்முறையாகக் கேட்டபொழுது, இமயச் சாரலில் தவம் புரிந்த துறவி ஒருவரின் பெயர் என்றே நான் எண்ணினேன். அவர் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் வீரர் என்பதைப் பின்னரே அறிந்தேன். எனினும் என் எண்ணம் முற்றிலும் பிழையன்று. இளமையில் அவர் கால்களை மடக்கி அமர்ந்திருந்த தோற்றம், இந்தியாவைப் பற்றிய திரைப்படமொன்றில் கண்ட யோகியை நண்பர் ஒருவருக்கு நினைவூட்டியதாம். அவர் இட்ட பெயரே நிலைத்தது.

லாரன்ஸ் பெர்ரா 1925ஆம் ஆண்டில் செயின்ட் லூயி நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்திற் பிறந்தார். எட்டாம் வகுப்போடு அவரது பள்ளிப் படிப்பு முடிந்தது. 1944 ஜூன் 6ஆம் நாள், நார்மண்டிக் கடற்கரைப் படையெடுப்பின்போது, பத்தொன்பது வயதுக் கடற்படை வீரராகச் சிறு படகொன்றில் நின்று போரிட்டார். 1946 முதல் 1963 வரை நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஆடி, பத்து முறை உலகத் தொடர் வெற்றியிற் பங்குகொண்டார். வேறெந்த ஆட்டக்காரரும் அவ்வெண்ணிக்கையை எட்டியதில்லை.

ஆயினும், அவருடைய குள்ளமான உருவத்தையும் முகத்தையும் எள்ளி நகையாடியவர் பலர். "முகத்தால் பந்தை அடித்தவர் எவரையும் நான் கண்டதில்லை" என்று அவர் விடையளித்தாராம். சினமின்றி, ஒரே சொல்லால் ஏளனத்தை வென்ற இத்திறத்தைக் கல்லாமை என்று எவர் கூறுவர்?

வழி இரண்டாகப் பிரியுமிடத்தில் அதையே பற்றிச் செல்லுமாறு அவர் நண்பர்களுக்குச் சொன்னார். கேட்டோர் நகைத்தனர். உண்மையில், அவ்விரு வழிகளுமே அவர் இல்லத்திற்குத்தான் சென்றன! 1973ஆம் ஆண்டில் அவர் பயிற்றுவித்த மெட்ஸ் அணி தன் பிரிவின் கடைசி இடத்திற் கிடந்தது. ஆட்டம் முடியும்வரை முடிந்துவிடவில்லை என்னும் புகழ்பெற்ற மொழி அக்காலத்தோடு இணைத்தே வழங்கப்படுகிறது. அவ்வணியோ அவ்வாண்டே முதலிடம் பெற்று உலகத் தொடரையும் எட்டியது. இறுதியில் ஓக்லண்ட் அணியிடம் தோற்றது.

இங்கு வரலாறு பயில்வோர் ஓர் எச்சரிக்கையையும் பெறுகின்றனர். கூட்டம் மிகுந்ததால் அந்த உணவு விடுதிக்கு இப்போது யாருமே போவதில்லை என்னும் வேடிக்கை மொழி அவருடையதாகவே வழங்குகிறது. ஆனால் அவர் புகழ் பெறுவதற்கு முன்பே அது அச்சில் வந்திருந்தது. புகழ்பெற்ற பெயரை நாடிப் பிறர் மொழிகளும் வந்து ஒட்டிக்கொள்வது உலகியல்பு. இதனை அவரே உணர்ந்திருந்தார். தாம் சொன்னவற்றையெல்லாம் தாம் சொல்லவில்லை என்று நகைத்துரைத்தார்!

2015ஆம் ஆண்டில், தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். பிறர் நகைக்கும்போது உடன் நகைத்து, தமக்குரியதல்லாத பெருமையை மறுத்த அம்மனிதரிடம், பட்டம் பெற்ற நாமும் கற்கவேண்டியது உண்டு. ஒருவருடைய அறிவை அவர் பயின்ற வகுப்பைக்கொண்டு மட்டும் அளந்துவிடாதீர்கள். ஒருவர் கூறியதாக வழங்கும் மொழியை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளவும் வேண்டா.