பொதுநலம் யாருடைய நலம்?
மவுண்ட் லோறல் வலய வழக்கின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் தமது காணியில் எதனைக் கட்டலாம், எதனைக் கட்டலாகாது என விதிக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு எவ்வாறு வந்தது? ஐக்கிய அமெரிக்காவைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கான விடை 1926ஆம் ஆண்டிற் கிடைத்தது. ஒகையோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் சிற்றூர், தனது நிலப்பரப்பைக் குடியிருப்பு, வணிகம், கைத்தொழில் எனப் பல வலயங்களாகப் பிரித்திருந்தது. அச்செயல் அரசியலமைப்புக்கு முரணானதன்று என அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. வீட்டு வாயிலில் ஆலைப்புகை படியாது காக்கும் ஏற்பாடென்றே வலயமுறை அக்காலத்திற் பலராலும் வரவேற்கப்பட்டது. ஆயின், நிலத்தைப் பிரிக்கும் கோடு நாளடைவில் மனிதரையும் பிரிக்கவல்லது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது நியூ ஜேர்சி மாநிலத்தின் மவுண்ட் லோறல் நகரில் எழுந்த பிணக்காகும்.

மவுண்ட் லோறல் பேளிங்டன் கவுண்டியில் அமைந்த, ஏறத்தாழ 22 சதுரமைல் பரப்புடைய ஊர். பிலடெல்பியா நகருக்குச் செல்லும் பாலம் ஆங்கிருந்து பத்து மைலுக்கு உட்பட்ட தூரத்திலேயே உள்ளது. 1950இல் இவ்வூரின் சனத்தொகை 2,817 மட்டுமே. பெருந்தெருக்கள் ஊடறுத்துச் சென்றதும் நிலைமை மாறியது. 1960இல் 5,249 ஆகவும், 1970இல் 11,221 ஆகவும் சனத்தொகை பெருகியது. வயல்களாகவும் தோட்டங்களாகவும் இருந்த காணிகள் நகர்ப்புற நடுத்தர வகுப்பினரின் மனைகளாயின.

இம்மாற்றத்தை நெறிப்படுத்துவதற்கென 1964இல் வலயச் சட்டவிதி ஒன்று இயற்றப்பட்டது. அதன் கூறுகள் ஊன்றி நோக்கத்தக்கவை. ஊரின் காணியில் 29.2 சதவீதம், அதாவது 4,121 ஏக்கர், கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. வழக்கு நிகழ்ந்த காலத்தில் அதில் 100 ஏக்கருக்கு மேல் உண்மையிற் கைத்தொழிலுக்குப் பயன்படவில்லை. எஞ்சிய குடியிருப்பு வலயங்களில் ஒரு மனைக்கு ஒரு தனிவீடு என்பதே விதி. தொடர்வீடுகளோ மாடிக் குடியிருப்புகளோ அவ்வலயங்களில் அனுமதிக்கப்படவில்லை. விசேட திட்டங்களின் கீழ் மாடிக் குடியிருப்புகளுக்கு இடமளித்தபோதும், படுக்கையறைகளின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. அத்தகைய திட்டமொன்றில், வீடொன்றுக்குச் சராசரி 0.3 பாடசாலைப் பிள்ளைகளுக்கு மேற்படின், அவர்தம் கல்விச் செலவைக் கட்டடம் அமைப்பவரே ஏற்கவேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது.

பிள்ளைகளைக் கண்டு ஓர் ஊர் அஞ்சுவானேன்? இதற்கான காரணம் வரிமுறையிற் பொதிந்துள்ளது. நியூ ஜேர்சியில் பாடசாலைச் செலவின் பெரும்பகுதி உள்ளூர் ஆதனவரியினாலேயே ஈடுசெய்யப்பட்டது. தொழிற்சாலை வரி செலுத்தும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது. பெரிய வீடு கூடுதலான வரி செலுத்தும். சிறிய வீட்டில் வாழும் ஏழைக் குடும்பமோ குறைந்த வரி செலுத்திக் கூடிய செலவை ஏற்படுத்தும். ஆகவே, ஏழைகளை வெளியே நிறுத்துவது ஊர்க் கணக்கேட்டுக்கு இலாபமாயிற்று. எந்த விதியிலும் 'ஏழை' என்ற சொல் எழுதப்படவில்லை. 'கறுப்பினத்தவர்' என்ற சொல்லும் எழுதப்படவில்லை. மனையின் அளவே அப்பணியைச் செய்து முடித்தது.

இவ்வூரின் ஸ்பிறிங்வில் பகுதியிற் கறுப்பின மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். கோழிக்கூடுகளைத் திருத்தியமைத்த குடில்களிலும் சிலர் குடியிருந்தனர். வாழத்தகாதவை என ஊராட்சி அவ்வீடுகளை அகற்ற முற்பட்டது. மாற்று வீடுகளுக்கு வழிசெய்யவில்லை. அம்மக்கள் ஒன்றுகூடி, குறைந்த வருமானமுடையோர்க்கு 36 வீடுகள் கட்ட 1970இல் அனுமதி கோரினர். அது மறுக்கப்பட்டது. அவர்களது தேவாலயத்துக்கு வந்த நகர முதல்வர், இவ்வூரில் வாழ வசதியற்றவர்கள் வெளியேறவேண்டியதே என்னும் கருத்துப்பட உரைத்தார். அவர்முன் அமர்ந்திருந்தோரிற் பலர், அவ்வூருக்குப் புதிதாகக் குடிபுகுந்தோரைவிட நீண்ட வேர்களை உடையவர்கள்.

ஸ்பிறிங்வில் மக்களுள் ஒருவரான எதெல் லோறன்ஸ் அம்மையாரும் ஏனையோரும், நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் கிளையொன்றுடன் இணைந்து 1971இல் வழக்குத் தொடுத்தனர். 1972இல் விசாரணை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டின் மீது மாநில உயர் நீதிமன்றம் 1975 மார்ச் மாதத்தில் வரலாற்றுப் புகழ்மிக்க தீர்ப்பை வழங்கியது. அதனை எழுதியவர் நீதியரசர் பிறெடறிக் ஹோல். அவரது வாதம் எளிமையானது: வலயமாக்கும் அதிகாரம் மாநிலம் ஊருக்கு வழங்கிய அதிகாரம், பொதுநலத்தை வளர்க்கவே அது வழங்கப்பட்டது, ஆதலின், பொதுநலம் என்பது ஊரெல்லைக்குள் வாழ்வோரின் நலம் மட்டுமன்று, பிரதேசம் முழுவதன் நலமுமாகும். வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும் பிரதேசத்தின் வீட்டுத் தேவையில் தனக்குரிய நியாயமான பங்குக்கு இடமளித்தல் வேண்டும் என்பது இதன் பேறாகும். தீர்ப்பு மாநில அரசியலமைப்பையே ஆதாரமாகக் கொண்டிருந்தது.

ஆயினும் தீர்ப்பு வேறு, தீர்வு வேறு. நியாயமான பங்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் வரையறுக்கவில்லை. மவுண்ட் லோறல் தனது விதிகளைத் திருத்துவதாகக் கூறி, ஏறத்தாழ 20 ஏக்கர் கொண்ட மூன்று துண்டுகளை மட்டும் வலயம் மாற்றியது. அது ஊரின் பரப்பில் 0.25 சதவீதத்துக்கும் குறைவு. எட்டு ஆண்டுகள் கழிந்தும் அங்கு ஒரு வீடேனும் எழவில்லை. 1983இல் வழக்கு மீண்டும் அந்நீதிமன்றத்தை அடைந்தபோது, பிரதம நீதியரசர் றொபேட் விலென்ற்ஸ் கண்டிப்பான நடைமுறைகளை வகுத்தார். இத்தகைய வழக்குகளை விசாரிக்க மூன்று நீதிபதிகள் நியமிக்கப்பட்டனர். ஒவ்வோர் ஊரின் பங்கும் எண்ணாற் கணிக்கப்படலாயிற்று. கடமை தவறிய ஊரில், குறைந்த வருமான வீடுகளையும் உள்ளடக்கிய திட்டத்துடன் வரும் கட்டட முதலாளிக்கு நீதிமன்றமே வழிதிறந்துவிடலாம் என்றாயிற்று. இங்கு ஒரு முரணைக் காணலாம். ஏழைகளின் உரிமை, இலாபம் நாடும் முதலாளியின் தோளிலேறியே ஊருக்குள் நுழைய நேர்ந்தது.

ஊராட்சிகளின் எதிர்ப்பு வலுத்தது. 1985இல் மாநிலச் சட்டமன்றம் வீடமைப்புச் சட்டமொன்றை நிறைவேற்றிப் பொறுப்பை ஒரு சபையிடம் ஒப்படைத்தது. வசதிபடைத்த ஓர் ஊர் தனது பங்கின் அரைவாசி வரையில் பணம் கொடுத்து வேறோர் ஊருக்கு மாற்றவும் அச்சட்டம் இடமளித்தது. இவ்வேற்பாடு 2008இலேயே நீக்கப்பட்டது. சபை தன் கடமையைச் செய்யத் தவறியமையால், 2015இல் நீதிமன்றம் அப்பொறுப்பை மீளவும் தன்கையில் எடுத்தது. 2024ஆம் ஆண்டுச் சட்டம் அச்சபையை ஒழித்துப் புதிய நடைமுறையை வகுத்தது.

மவுண்ட் லோறலில் நிகழ்ந்தது யாது? 1997இல் நடந்த பகிரங்க விசாரணைகளில் அயலவர் பலர் எதிர்த்தனர். குற்றங்கள் பெருகும், வீட்டு விலை வீழும், வரி உயரும் என்பன அவர்தம் அச்சங்கள். எனினும் திட்டம் அங்கீகாரம் பெற்றது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் முதல் 100 வீடுகளும், பின்னர் மேலும் 40 வீடுகளும் குடியேற்றத்துக்குத் தயாராயின. அக்குடியிருப்பு எதெல் லோறன்ஸ் அம்மையாரின் பெயரைத் தாங்குகின்றது. ஆனால் அவர் 1994இலேயே காலமாகிவிட்டார். பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அயலவர் அஞ்சிய மூன்றில் எதுவும் அக்குடியிருப்பினால் விளையவில்லை என நிறுவியது.

இப்பிணக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, நெறியொன்று எண்ணாக மாறும்வரை அதற்கு வலுவில்லை. 1975இன் உயரிய கோட்பாடு சாதிக்காததை 1983இன் கணக்கு ஓரளவு சாதித்தது. இரண்டாவது, இதனினும் ஆழமானது. உள்ளூராட்சி என்பது அவ்வூரிலுள்ளோரின் சனநாயகம். வெளியே தள்ளப்பட்டவர்க்கும், உள்ளே வர இடமில்லாதவர்க்கும் அங்கு வாக்கில்லை. வாக்கில்லாதவரின் குரலை வாக்குப் பெறுவோர் செவிமடுப்பதும் அரிது. ஊர் தன்னைத் தானே ஆளும் உரிமை போற்றத்தக்கதே. அவ்வுரிமை எவரை வாயிலில் நிறுத்துகின்றது என்ற கேள்வியை ஊருக்கு வெளியிலுள்ள ஒரு மன்றமே எழுப்ப வேண்டியிருந்தது. கோரப்பட்ட 36 வீடுகளுக்குப் பதிலாக 140 வீடுகள் எழுந்தன என்பது வெற்றியே. அதற்குச் சென்ற முப்பது ஆண்டுகளில், வீடு கேட்ட ஸ்பிறிங்வில் மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டே சிதறிப்போயினர் என்பதையும் அவ்வெற்றியோடு சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.