முதுகில் ஒரு குழந்தையின் எடை

பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் ஆயுதங்களுக்கும் அணிகலன்களுக்கும் தரும் இடத்தைப் பைகளுக்குத் தருவதில்லை. உள்ளிருப்பதைப் பேசிவிட்டுப் பையை மறந்துவிடுவது நம் இயல்பு. ஆயினும், ஒரு பயணி எதை எடுத்துக்கொண்டான், எதை விட்டுச் சென்றான் என்பதை அறிந்தால், அவன் எதற்கு அஞ்சினான், யாரை நினைத்திருந்தான் என்பதையும் ஓரளவு அறியலாம். கட்டுச்சோற்று மூட்டையோடு வழிநடந்த மரபில் வந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. பனிச்சறுக்கு வீரர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிறிய பையின் கதையை இந்தக் கோணத்திலிருந்து பார்க்க முயல்வோம்.

கதையின் தொடக்கத்தில் பையே இல்லை. ஒரு குழந்தை இருக்கிறது.

1204இல் நார்வே மன்னர் ஹோகோன் ஸ்வெர்ரெசோன் இறந்தார். அவர் மறைந்த பிறகு பிறந்த ஆண்மகவுக்குத் தந்தையின் பெயரே இடப்பட்டது. நாடு உள்நாட்டுப் போரில் இருந்தது. பிர்கெபெய்னர் என்றும் பாக்லர் என்றும் இரண்டு கட்சிகள். முன்னவர்களின் பெயருக்கு 'பிர்ச் மரப்பட்டைக் காலினர்' என்பது பொருள். காலணி வாங்க வகையின்றி மரப்பட்டையைக் காலில் சுற்றிக்கொண்ட ஏழைகள் என்று எதிரிகள் வைத்த ஏளனப் பெயரையே அவர்கள் தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். பாக்லர்களின் கையில் சிக்கினால் குழந்தை பிழைக்காது. எனவே 1206ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், தொர்ஸ்டெய்ன் ஷெவ்லா, ஷெர்வால்ட் ஸ்க்ருக்கா என்ற இரண்டு வீரர்கள் அதை லில்லஹாமரிலிருந்து மலைகளின் ஊடே பனிச்சறுக்குக் கட்டைகளில் கிழக்குப் பள்ளத்தாக்கான ஓஸ்டெர்டாலனுக்குக் கொண்டு சேர்த்தனர். அக்குழந்தை 1217இல் அரியணை ஏறி, 1263 வரை ஆண்டது. நெடுநாள் நீடித்த உள்நாட்டுப் போர் அவர் காலத்திலேயே முடிவுக்கு வந்தது.

1869இல் க்னுட் பெர்க்ஸ்லியன் இக்காட்சியை ஓவியமாகத் தீட்டினார். அதில் குழந்தையை ஒரு வீரர் கையால் அணைத்தபடி சரிவில் விரைகிறார். முதுகுப்பை என்ற ஒன்று அங்கே இல்லை. ஆயினும் இந்த நிகழ்வின் நினைவாக 1932இல் தொடங்கப்பட்ட 'பிர்கெபெய்னர்ரென்னெட்' என்னும் ஓட்டத்தில் பைதான் முதன்மையான விதி. ரேனாவுக்கும் லில்லஹாமருக்கும் இடைப்பட்ட 54 கிலோமீட்டரைக் கடக்கும் ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பையைச் சுமக்க வேண்டும். அது குழந்தையின் அடையாளம். வழி நெடுகிலும் அந்த எடை குறையலாகாது. அதாவது, வழியில் குடித்துத் தீர்க்கப்போகும் நீரைக் கணக்கில் சேர்த்து ஒப்பேற்ற முடியாது. ஒன்றரை வயதைக் கடந்த குழந்தை மூன்றரைக் கிலோதான் இருக்குமா என்று கேட்டால், இராது. பிறந்த குழந்தையின் எடை அது. அடையாளத்தில் அந்தச் சலுகையை நாம் பொறுத்துக்கொள்ளலாம். சுமப்பவனுக்குப் பயன்படாத ஒரு சுமையை ஓட்டத்தின் இலக்கணமாக்கியிருப்பதே இங்கு கருதத்தக்கது.

வளைந்த கிளை

முதுகுப்பை பனிக்கு ஏற்றதாக மாறிய கதையும் நார்வேயைச் சேர்ந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பரவலாக இருந்தது சட்டகமில்லாத துணிமூட்டை. நடக்கும்போது அது தொங்கும், ஓடும்போது ஆடும். சறுக்கும்போது அந்த ஆட்டம் ஆபத்தாகிவிடும். சறுக்குபவன் திரும்புவது உடலைச் சாய்த்துத்தான். உடல் ஒரு பக்கம் சாயும்போது முதுகிலிருக்கும் மூட்டை ஒரு கணம் பிந்தி வந்து எதிர்ப்பக்கம் இழுத்தால், அவன் விழுவான்.

ஓலே பெர்கன் என்பவர் 1908இல் வேட்டைக்குச் சென்றபோது பையின் உறுத்தலைப் பொறுக்கமாட்டாமல், ஜூனிப்பர் மரத்தின் கிளை ஒன்றை முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையோடு பிணைத்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. மரக்கிளை பின்னர் உலோகக் குழலாயிற்று. 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பை முதுகிலிருந்து சற்று விலகி நின்றதால் காற்றுக்கு வழி கிடைத்தது. பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. பிரிட்டிஷ் படைவீரர்கள் தம் பெரிய முதுகுப்பையை இன்றும் 'பெர்கன்' என்றே அழைக்கின்றனர். ஒரு மனிதரின் பெயர் பண்டத்தின் பெயராகி, மனிதர் மறக்கப்படுவது மொழிகளில் அடிக்கடி நிகழ்வதுதான்.

பனியின் நடுவே தாகம்

கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உறைந்த நீராக இருக்கும் நிலத்தில் தாகத்தால் வாடுவது முரணாகத் தோன்றலாம். 1888இல் ஃப்ரிட்யோஃப் நான்சென் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் உட்பகுதியைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் முதன்முதலாகக் கடந்தபோது, நாள்தோறும் அவர்களை வருத்தியவற்றுள் தாகமும் ஒன்று. பனியை உருக்க எரிபொருள் வேண்டும், எரிபொருளோ அளவுக்குட்பட்டது. ஆகவே தட்டையான குப்பிகளில் பனியை அடைத்து, உடைக்குள் மார்போடு வைத்துக்கொண்டனர். பகல் முழுதும் உடலின் சூட்டில் உருகும் சில மிடறுகளே அவர்களுக்குக் கிடைத்த நீர்.

இதன் விலை என்ன என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் தேவை. உருகிய நீரை உடல்வெப்பத்துக்குக் கொண்டுவர மேலும் 37 கலோரி போதும். பனியைத் தின்று தாகம் தணிப்பவன், குளிர்ந்த நீரைக் குடிப்பவனைப் போல மூன்று மடங்குக்கும் மேலான சூட்டைத் தன் உடலிலிருந்து இழக்கிறான். போதாக்குறைக்கு, உயரமான இடத்தின் வறண்ட காற்று மூச்சு வழியே ஈரத்தைப் பறிக்கிறது. குளிரோ தாக உணர்வையே மழுங்கச் செய்கிறது.

இச்சிக்கலுக்கான இன்றைய விடை பனிநாட்டில் பிறக்கவில்லை. 1989இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில், கொளுத்தும் கோடையில் நடந்த நூறு மைல் மிதிவண்டி ஓட்டத்தில் மைக்கேல் எய்ட்சன் கலந்துகொண்டார். அவசர மருத்துவ உதவியாளராக இருந்த அவர், நரம்பில் மருந்து ஏற்றும் பையில் நீரை நிரப்பி, அதை ஒரு நீண்ட காலுறைக்குள் திணித்து, சட்டையின் முதுகில் பொருத்திக்கொண்டார். அதன் குழாய் தோள் வழியே வாயருகே வந்தது. கேமல்பேக் என்ற நிறுவனமும், நீர்ப்பை என்ற பொருளும் அதிலிருந்து தோன்றின.

பாலை வெயிலுக்குப் பொருந்திய கருவி பனிக்கு வந்ததும் புதிய தொல்லை எழுந்தது. பையிலுள்ள நீர் முதுகின் சூட்டில் உறையாதிருக்க, மெல்லிய குழாயில் நிற்கும் நீர் முதலில் உறைந்தது. எனவே பனிக்கென்று செய்யப்படும் பைகளில் குழாய்க்கு உறை போடுகிறார்கள். அல்லது அதைத் தோள்வாரின் உள்ளேயே செலுத்திப் பற்பிணையால் மூடுகிறார்கள். அனுபவசாலிகள் ஒவ்வொரு முறை உறிஞ்சிய பின்னும் குழாயில் ஊதி, மீந்த நீரைப் பைக்கே திருப்பி அனுப்புகின்றனர். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் மனமில்லாதவர்கள் சூடுகாக்கும் குடுவையில் தேநீர் கொண்டுபோகின்றனர். அதையும் நாம் குறைசொல்ல முடியாது.

நிமிடங்களின் கணக்கு

பைக்குள் இருப்பவற்றில் மிகக் கனமானது அச்சம்தான். ஓட்டத்தடங்களை விட்டு விலகி, மனிதர் சீர்செய்யாத சரிவுகளில் இறங்குவோருக்குப் பனிச்சரிவு மெய்யான எமன். 1994இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வு, புதையுண்டவர்களில் 15 நிமிடத்துக்குள் மீட்கப்படுபவர்களில் 92 விழுக்காட்டினர் பிழைக்கின்றனர் என்றும், 35 நிமிடமானால் அது 30 விழுக்காடாக வீழ்கிறது என்றும் காட்டியது. 2024இல் வந்த புதிய ஆய்வு முதற்கெடுவைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டது. அதற்குள் ஹெலிகாப்டர் வந்து சேர்வது அரிது. காப்பாற்ற வேண்டியவர், சரிவில் சிக்காமல் அருகில் நிற்கும் தோழர்தான்.

இதனால்தான் மூன்று பொருள்கள் கட்டாயமாகக் கருதப்படுகின்றன: சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் வல்ல தேடுகருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குத் துழாவுகோல், தோண்டுவதற்கு உலோக மண்வாரி. முதலாவது உடலோடு அணியப்படுவது. பை பிய்த்தெறியப்படலாம் என்பதால் அதை அங்கே வைப்பதில்லை. மற்ற இரண்டும் பையில் இருப்பவை. இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். என் பையிலுள்ள மண்வாரியால் நான் புதையுண்டால் எனக்குப் பயனில்லை. அது உன்னைத் தோண்டி எடுப்பதற்கானது. என் உயிர் உன் பையில் இருக்கிறது. நீருக்கும் தின்பண்டத்துக்கும் இடம் வேண்டும் என்று மண்வாரியை விட்டுவருபவன் குறைத்துக்கொள்வது தன் பாதுகாப்பையன்று, தோழனுடையதை.

பையையே காப்புக்கருவியாக்கும் முயற்சியும் உண்டு. 1970களில் பவேரியாவின் வனக்காவலர் யோசஃப் ஹோஹெனெஸ்டர், சுட்ட விலங்கைத் தோளில் சுமந்தபடி பனிச்சரிவில் சிக்கியபோது தாம் புதையாமல் மேலேயே நின்றதைக் கவனித்தார். உருளும் துகள்களின் கூட்டத்தில் பெரியவை மேலே வரும் என்பதே காரணம். புடைக்கும் முறத்தில் நாம் அன்றாடம் காண்பதும் இதை ஒத்ததே. அவருடைய கருத்தை வாங்கிய பேட்டர் அஷாவர், இழுத்தவுடன் விரியும் காற்றுப்பையோடு கூடிய முதுகுப்பையை 1985இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கடுமையாகச் சிக்கியவர்களிடையே இறப்பை இது 22 விழுக்காட்டிலிருந்து 11ஆகக் குறைக்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு முறை அது விரியவேயில்லை. பெரும்பாலும், சிக்கியவரால் பிடியை இழுக்க முடியாமற் போனதால்.

எதைத் தேர்வது

இவ்வளவும் அறிந்த பின் கடையில் நிற்பவருக்குத் தேர்வு எளிதாகிவிடும். இழுவை நாற்காலியில் ஏறித் தடங்களிலேயே சறுக்குபவருக்கு 10 முதல் 15 லிட்டர் கொள்ளும் மெல்லிய பை போதும். தொங்கும் வார்கள் நாற்காலியில் சிக்கிக்கொண்டால் இறங்க முடியாது. ஆதலால் வார்களைச் செருகிவைக்க வழியிருக்க வேண்டும், ஏறுமுன் பையை முன்பக்கம் மாற்றிக்கொள்வதும் நல்லது. தடம் விட்டு விலகுபவருக்கு 25 முதல் 35 லிட்டர் வேண்டும். மண்வாரிக்கும் துழாவுகோலுக்கும் தனி அறை, கையுறையோடு திறக்கக்கூடிய கொக்கி, முதுகோடு ஒட்டி நிற்கும் அமைப்பு, இடுப்புவார், மார்புவார் ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். காற்றுப்பை உள்ளதானால் தொடைகளுக்கிடையே செல்லும் வாரையும் பூட்டியாக வேண்டும். இல்லையேல் பை மேலேறிப் போக, ஆள் கீழே தங்கிவிடுவார். எந்தப் பையானாலும் நிறைத்து மாட்டிக்கொண்டு குனிந்து, திரும்பிப் பார்ப்பது அவசியம். பெர்கன் தேடிய விடை அந்த அசைவில் தெரிந்துவிடும்.

நிறமும் விலையும் பிறகு. பையை மூடுமுன் அதில் பிறருக்கென்று என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது, லில்லஹாமரிலிருந்து புறப்பட்ட அந்த இருவரும் நமக்கு விட்டுச்சென்ற வழக்கம் எனக் கொள்ளலாம்.