இளமாணி மாணவரும் ஆராய்ச்சிக்கூடமும்

பல்கலைக்கழகம் அறிவைப் பேணிப் பரப்பும் நிலையம் மாத்திரமன்று. அதனைப் பெருக்கும் நிலையமுமாகும் என்னும் கொள்கை மிகப் பழையதன்று. 1810 ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வொன் ஹும்போல்ற் என்பாரது முயற்சியால் பேர்லின் நகரில் எழுந்த பல்கலைக்கழகமே போதனையையும் ஆராய்ச்சியையும் ஒருங்கிணைத்ததெனப் பொதுவாகக் கூறுவர். 1876 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் திறக்கப்பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அக்கொள்கையைப் புதிய உலகில் நாட்டியது. ஆயினும் அங்கே ஆராய்ச்சியென்பது பெரும்பாலும் பட்டம் பெற்றபின் புகுவதற்குரிய வாயிலாகவே அமைந்தது. இளமாணிப் பட்டத்திற்குப் பயிலும் மாணவன் விரிவுரை கேட்டான்; நூல் கற்றான்; விடை முன்னரே தெரிந்த பரிசோதனைகளை ஆய்வுகூடத்திற் செய்து காட்டினான். விடை தெரியாத வினாவை அவன் முன் வைத்தல் காலத்திற்கு முந்திய செயலெனவே ஆசிரியர் பலர் கருதினர்.

இக்கருத்து மாறிய வரலாற்றைப் பேசுவோர் அதனால் விளைந்த பெருங் கண்டுபிடிப்புக்களை எடுத்துரைப்பர். நிதி வழங்கியோரைப் போற்றுவர். மாணவனை ஆராய்ச்சியாளனிடம் சேர்ப்பித்து, அவன் அங்கு வீணாகாது காத்த இணைப்பாளரைப்பற்றிப் பேசுவோர் அரியர். இத்திட்டங்களுள் எது நிலைத்தது, எது மறைந்தது என்று ஆராயப் புகுவோர்க்கோ, அந்த இணைப்பாளரின் மேசையே முதன்மையான சான்றாக நிற்கும்.

தொடக்கம் மிக எளியது. அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேயின் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவராகக் கிளாரன்ஸ் குக் லிற்றில் என்னும் பரம்பரையியல் அறிஞர் இருந்த காலத்தில், 1924 இல், மாணவர் சிலர் கோடைகாலத்திற் பார் ஹார்பர் என்னும் கடற்கரையூருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதே ஊரில் 1929 இல் லிற்றில் ஜாக்சன் ஆய்வுகூடத்தை நிறுவினார். புற்றுநோயின் பரம்பரைத் தன்மையை ஆராயும் பொருட்டுச் சுண்டெலிகளை வளர்த்த அவ்வாய்வுகூடத்திற் கோடைகால மாணவரை வரவேற்கும் வழக்கமும் தொடர்ந்தது. 1947 ஆம் ஆண்டின் காட்டுத்தீ ஆய்வுகூடத்தைப் பெரிதும் அழித்தது. ஆயினும் மாணவர் வருகை மீண்டும் தழைத்தது.

1955 ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு சென்றவர்களுள் டேவிட் பால்ற்றிமோர் என்னும் உயர்தரப் பாடசாலை மாணவரும் ஒருவர். அவ்விடத்தில் அவர் தம்மின் மூத்தவரான ஹவாட் ரெமின் என்பாரைக் கண்டார். ரெமின் அதே ஆண்டில் சுவாத்மோர்க் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். ஜாக்சன் ஆய்வுகூடத்தின் பழைய கோடைகால மாணவர். பால்ற்றிமோரும் பின்னர் அதே கல்லூரியிற் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1970 இல் விஸ்கொன்சினில் ரெமினும், மசாசூசெட்சில் பால்ற்றிமோரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, ஆர். என். ஏ. யிலிருந்து டி. என். ஏ. யை ஆக்கும் நொதியமொன்றைச் சில வைரசுகளிற் கண்டறிந்தனர். இருவர் கட்டுரைகளும் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. 1975 இல் றெனாற்றோ டல்பெக்கோவுடன் அவ்விருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்தக் கோடையே அந்தப் பரிசைத் தந்ததென்று கூறுதல் வரலாறாகாது. ஓராண்டு வந்த மாணவர் பலருள் இருவர் பெயரை மாத்திரம் பொறுக்கி எடுத்துக் காரணகாரியம் கற்பித்தல் எளிது. இங்கு கவனிக்க வேண்டியது வேறொன்று: வயதிலும் அனுபவத்திலும் வேறுபட்ட இளைஞர் ஒரே இடத்தில் உண்டு உறங்கிப் பேசிப் பழகும் ஏற்பாட்டை யாரோ ஒருவர் ஆண்டுதோறும் செய்து வைத்தனர். விண்ணப்பங்களைத் தெரிந்தவர், தங்குமிடம் ஒதுக்கியவர், இன்ன மாணவன் இன்னாரிடம் பயிலுக என விதித்தவர் எவரென நோபெல் வரலாறுகள் கூறுவதில்லை.

1957 ஒக்டோபர் 4 ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏற்றியது. அதனாற் கலங்கிய அமெரிக்க அரசு விஞ்ஞானக் கல்விக்குப் பெருநிதி ஒதுக்கத் தலைப்பட்டது. 1950 இல் நிறுவப்பட்டிருந்த தேசிய விஞ்ஞான நிதியம் 1958 அளவில் இளமாணி மாணவர் ஆராய்ச்சியிற் பங்குகொள்வதற்கெனத் தனித் திட்டமொன்றைத் தொடக்கியது. 1959 இல் நியூயோர்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிறிங் ஹார்பர் ஆய்வுகூடமும் தன் கோடைத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலாண்டு மாணவருள் பால்ற்றிமோரும் இருந்தார். மூலக்கூற்று உயிரியலுக்கு மாணவரைத் தேடிக்கொண்டிருந்த சல்வடோர் லூரியா முதலியோர் அங்கேதான் அவரைக் கண்டு மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திற்கு வருமாறு அழைத்தனர்.

தேசிய நிதியத்தின் திட்டத்தால் நாடெங்கும் மாணவர் பலர் பயனடைந்தனர். ஆனால் அதன் வேர் வாஷிங்ரன் நகரத்து வரவுசெலவுத் திட்டத்தில் இருந்தது. 1980 களின் தொடக்கத்தில் விஞ்ஞானக் கல்விக்கான நிதி வெட்டப்பட்டபோது அத்திட்டமும் நின்றது. பணம் வந்தவரை நடத்திய கல்லூரிகள் பல, பணம் நின்றதும் வாளாவிருந்தன. மாணவருக்காக வாதாட அங்கே நிலையான அலுவலகம் இருக்கவில்லை.

மற்றொரு வழியின் கதையும் 1957 இலேயே தொடங்குகின்றது. அதுவும் ஸ்புட்னிக்குக்கு முன்பே. அவ்வாண்டு மே மாதம் 22 ஆம் நாள் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் எட்வின் லான்ட் ஓர் உரை நிகழ்த்தினார். உடனடி ஒளிப்படக் கருவியை ஆக்கியவரும், ஹாவார்ட்டிற் படிப்பை முடிக்காது வெளியேறியவருமான அவர், கழகத்திற் புகும் மாணவன் ஒவ்வொருவனும் தொடக்கத்திலிருந்தே தனக்கென ஓர் ஆராய்ச்சியைக் கொண்டிருத்தல் வேண்டும் என்றார். ஓயாத பரீட்சைகளும் புள்ளிகளும் இளைஞனின் ஆற்றலை மழுங்கச் செய்கின்றன என்பதும் அவரது கருத்தாகும். உரை பாராட்டைப் பெற்றது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பெரிதாக எதுவும் நிகழவில்லை. பேருரைகளுக்குப் பொதுவாக நேரும் கதி அது.

அதனைச் செயலாக்கியவர் மார்கிரட் மக்விக்கர் என்னும் பெண்மணி. 1943 இல் கனடாவிற் பிறந்து, அதே கழகத்தில் 1964 இற் பட்டமும் 1967 இற் கலாநிதிப் பட்டமும் பெற்ற அவர், பௌதிகத்துறையிற் பணியேற்ற இளம் ஆசிரியர். 1969 இல் அவர் தொடக்கிய இளமாணி மாணவர் ஆராய்ச்சி வாய்ப்புத் திட்டம் பெருமாளிகை எதனையும் வேண்டி நிற்கவில்லை. கழகத்தில் ஆராய்ச்சி ஏற்கெனவே நடைபெறுகின்றது. மாணவரும் ஏற்கெனவே உளர். இடையே கதவு மாத்திரம் அடைபட்டுள்ளது. இதுவே அதன் அடிப்படை நோக்கு.

அதற்கென வகுக்கப்பெற்ற விதிகளே திட்டத்தின் உயிர். மாணவன் விரும்பும் பேராசிரியரைத் தானே தேடிச் சென்று பேசுதல் வேண்டும். செய்யப்போவது யாது, ஏன், எவ்வாறு என்பதைத் தன் சொற்களால் எழுதுதல் வேண்டும். அதனை மேற்பார்வையாளர் ஏற்றபின் துறையின் இணைப்பாளர் படித்துப் பார்ப்பார். பின்னர் மத்திய அலுவலகம் ஒப்புதல் வழங்கும். வேலைக்கு ஊதியம் பெறலாம். அன்றிப் படிப்புக்குரிய திறமைப்புள்ளி பெறலாம். ஒரே வேலைக்கு இரண்டையும் பெறுதல் இயலாது. கைப்பொருள் இல்லாத மாணவன் கோடையில் வேறிடத்துக் கூலிவேலைக்குச் செல்லாது ஆய்வுகூடத்தில் இருக்க இயன்றது ஊதிய ஏற்பாட்டினாலேயாம். வசதியுடையார்க்கு மாத்திரம் உரிய அணிகலனாக ஆராய்ச்சி மாறிவிடாமல் இவ்விதி காத்தது.

இணைப்பாளரின் வேலை கடிதங்களைக் கோவையிலிடுதல் என எண்ணுதல் தவறு. ஆய்வுகூடமொன்றிற் புதிதாக வரும் இளைஞனைக் குடுவை கழுவவும், பட்டியல் படியெடுக்கவும், எலிக்கூடு துப்புரவு செய்யவும் மாத்திரம் பயன்படுத்துதல் மிக எளிது. கற்றுக்கொடுப்பதற்குக் காலம் வேண்டும், பேராசிரியருக்கோ காலமில்லை. சில வேளைகளில் மாணவன் மேற்பார்வையாளர் முகத்தை வாரத்திற் காண்பதுமில்லை. முதுமாணி மாணவரொருவரே அவனுக்கு ஆசானாவார். அக்குடுவை கழுவும் வேலையினூடே அவனுக்குரிய வினா யாது என்று கேட்கும் அதிகாரம் வெளியே ஒருவரிடம் இருந்தாலன்றி மாணவன் மலிவான கையாளாகிவிடுவான். அவனே முறையிட நாணுவான். பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவரும் அப்பேராசிரியரே யல்லவா?

இம்மாதிரி பிறவிடங்களுக்கும் பரவியது. 1979 இல் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்திற் பிரெட் ஷேயர் என்னும் பேராசிரியர் கோடைகாலப் புலமைப்பரிசில் திட்டமொன்றைத் தொடக்கினார். அங்கு மாணவன் முன்மொழிவு எழுதுவதுடன், முடிவில் அறிக்கை சமர்ப்பித்துச் சபைமுன் உரையும் ஆற்றுவான். தேசிய விஞ்ஞான நிதியமும் 1986 இல் ஹோமர் நீல் தலைமையில் வெளிவந்த அறிக்கையின் பின்னர், 1987 இற் பழைய திட்டத்தைப் புதிய பெயரில் உயிர்ப்பித்தது. பெரிய ஆய்வுகூடமில்லாத சிறு கல்லூரிகளின் மாணவரைப் பிறநிலையங்கள் ஏற்பதற்கு இது வழிசெய்தது. இவ்வகையில் மசாசூசெட்ஸ் முறையிலும் இது பரந்தது என்றே கூறுதல் வேண்டும். அங்கே கதவு திறந்தது உள்ளிருந்தோர்க்கே.

மக்விக்கர் 1985 இல் அக்கழகத்தின் இளமாணிக் கல்விக்கு முதற் பீடாதிபதியானார். 1991 இல், ஐம்பது வயது நிரம்புமுன், மறைந்தார். அவர் நாட்டிய திட்டத்திற்குச் சோதனை மூன்று ஆண்டுகளில் வந்தது. அரசின் கணக்குமுறை மாற்றத்தால் 1994 யூலை முதல் மாணவர் ஊதியத்தின்மீது மேற்செலவும் ஊழியர் நலச் செலவும் சுமத்தப்பட்டன. தம் ஆராய்ச்சி நிதியிலிருந்து மாணவனுக்கு ஊதியம் வழங்கிய பேராசிரியர்க்குச் செலவு திடீரெனப் பெரிதும் ஏறிற்று. மாணவர் தொகையும் குறைந்தது. பத்தாண்டுகளின் முன் தேசிய நிதியத்தின் திட்டம் இத்தகைய அடியில் வீழ்ந்ததை மேலே கண்டோம். இங்கோ ஒவ்வொரு துறையிலும் இணைப்பாளர் இருந்தார். மத்திய அலுவலகம் இருந்தது. முன்னாள் தலைவர் போல் கிரேயின் பெயராலும் ஒரு நிதி எழுந்தது. தாம் மாணவராயிருந்த நாளில் ஓர் ஆய்வுகூடக் கதவைத் தட்டித் திறந்த பழைய மாணவர் பொருளுதவி செய்தனர். அண்மை ஆண்டுகளில் அக்கழகத்திற் பட்டம் பெறுவோருள் 100 க்கு 90 க்கு மேற்பட்டோர் ஒரு முறையேனும் இத்திட்டத்திற் பங்குகொண்டவராவர்.