பதினைந்து மீட்டர் கேபிளில் கட்டிய பெட்டி

சென்ற வாரம் ஒரு போன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். இப்போது பொறியியல் படிக்கிறாள். கல்லூரியில் ஒரு குழுவாகச் சேர்ந்து செவ்வாய் ரோவர் செய்கிறார்களாம், போட்டிக்கு.

"சார், செவ்வாய்க்குப் போன முதல் ரோவர் சோஜர்னர்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அறிக்கையில அப்படியே எழுதினேன். சீனியர் ஒருத்தர் அடிச்சுட்டார். யார் சொன்னது சரி?"

அடித்தவர் சரி. அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

1971இல் சோவியத் நாடு மார்ஸ்-2, மார்ஸ்-3 என்று இரண்டு கலங்களை அனுப்பியது. ஒவ்வொன்றின் தரையிறங்கியிலும் 'ப்ராப்-எம்' என்ற சிறு ஊர்தி இருந்தது. எடை 4.5 கிலோ, நம் வீட்டு அரிசிப் பை அளவு. சக்கரம் கிடையாது. இரு பக்கமும் பனிச்சறுக்குக் கட்டை போன்ற கால்கள், அவற்றால் எட்டு வைத்து நகர வேண்டும். தரையிறங்கியோடு 15 மீட்டர் கேபிளால் கட்டியிருந்தார்கள். செய்தவர்கள் லெனின்கிராடில் பீரங்கி வண்டிகளுக்கு வேலை செய்த நிறுவனத்தார். தலைமை அலெக்சாந்தர் கெமுர்ஜியான். 1970இல் நிலவில் ஓடிய லூனகோத்-1இன் சக்கரங்களும் அவர் குழுவினுடையவைதான்.

நிலவு வண்டியைப் பூமியில் உட்கார்ந்தே ஓட்டினார்கள். சமிக்ஞை போய்வர இரண்டரை நொடிதான். செவ்வாய்க்கு ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம். "கல் இருக்கிறது, நிறுத்து" என்று நாம் சொல்வதற்குள் வண்டி கவிழ்ந்திருக்கும். அதனால் ப்ராப்-எம்மின் முன்னால் இரண்டு மெல்லிய கம்பிகள் வைத்தார்கள். கல் தட்டினால் தானே பின்வாங்கித் திரும்பும். 1971இல்!

மார்ஸ்-2 நவம்பர் 27 அன்று மோதி நொறுங்கியது. மார்ஸ்-3 டிசம்பர் 2 அன்று மெதுவாகவே இறங்கியது. ஏறத்தாழ 20 நொடி சமிக்ஞை வந்தது, நின்றது. அப்போது கோள் முழுக்கப் புழுதிப் புயல். பெட்டி வெளியே வரவே இல்லை.

சோஜர்னர் வந்தது 1997 ஜூலை 4 அன்று. சுமார் பத்தரைக் கிலோ, ஆறு சக்கரம். ஏழு நாளுக்கென்று செய்தது 83 செவ்வாய் நாள் உழைத்தது. பெயர் வைத்தது ஒரு பள்ளி மாணவி, கட்டுரைப் போட்டியில் வென்று. (இதை மட்டும் வகுப்பில் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.)

இந்தப் பெண் குறி வைத்திருக்கும் போட்டி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில், ஹாங்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் நடப்பது. 2007 முதல் மார்ஸ் சொசைட்டி நடத்துகிறது. ரோவர் 50 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுபவர்கள் அடைத்த அறைக்குள். கேமரா காட்டுவதுதான் அவர்களுக்குக் கண். ஒரு சுற்றில் கையே வைக்கக் கூடாது, வண்டி தானே வழி தேட வேண்டும். 2011, 2013, 2014 மூன்று முறையும் வென்றது போலந்தின் பியாவிஸ்தோக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

"எங்க வண்டி அந்தச் சுற்றுலதான் சார் கல்லைப் பார்த்தா திகைச்சு நிக்குது" என்றாள். இரண்டு கம்பிக் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

என்னிடம் படித்த மற்றவர்களுக்கும் சேர்த்து: நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கு முதலில் போனது ப்ராப்-எம். அங்கே முதலில் ஓடியதுதான் சோஜர்னர்.