'டிக் டிக்' கேட்டால் பதறாதீங்க... பழைய ஸ்ப்ளெண்டர் எஞ்சின் போடும் சத்தத்தில் எது நார்மல், எது டேஞ்சர்?

அப்பா புது ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். வீட்டு மூலையில் கவர் போட்டு நின்றிருந்த பழைய ஸ்ப்ளெண்டர் உங்கள் கைக்கு வந்துவிட்டது. முதல் வாரம் முழுக்க சந்தோஷம். இரண்டாவது வாரம், சிக்னலில் நிற்கும்போது காது தானாகவே எஞ்சின் பக்கம் போகிறது. 'டிக் டிக் டிக் டிக்' என்று ஏதோ கேட்கிறது. இது முன்னாடியே இருந்ததா, இப்போதான் வந்ததா? பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர், "மச்சான், டேப்பெட் போயிடுச்சுடா" என்கிறார். மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினால், அண்ணன் ரெண்டு முறை ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டு, "எஞ்சின் இறக்கணும் தம்பி" என்கிறார். போச்சு, பல ஆயிரம் காலி!

இந்த இடத்தில் இரண்டு விதமான தவறு நடக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை, சத்தத்துக்குப் பயந்து பிரித்துப்போடுவது ஒன்று. 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டே ஓட்டி, ஒருநாள் பைபாஸில் எஞ்சின் ஜாம் ஆகி நிற்பது இன்னொன்று. இரண்டிலிருந்தும் தப்பிக்க, சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அது எப்போது வருகிறது, எப்போது மறைகிறது, போன மாதத்தைவிட மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உதவும்.

பழைய வண்டி ஏன் இவ்வளவு பேசுகிறது?

ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்த வண்டி. 97.2 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின். காரில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும்; அது உள்ளே நடக்கும் சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். கூடவே, பானெட்டும் மூடிக்கொள்ளும். இங்கே அது எதுவும் இல்லை. எஞ்சின் அப்படியே வெளியே தொங்குகிறது. அதன் மேலிருக்கும் மெல்லிய தகடுகள், அதான் ஃபின்கள், சூட்டை வெளியே விடும். சத்தத்தையும் சேர்த்தே விடும். உங்கள் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன இரும்புப் பட்டறை வேலை செய்துகொண்டிருக்கிறது. அது மௌனமாக இருந்தால்தான் ஆச்சர்யம்.

இப்போது அந்த 'டிக் டிக்'குக்கு வருவோம். எஞ்சினின் தலைப்பகுதியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும். இன்னொன்று எரிந்த புகையை வெளியே விடும். இந்த வால்வுகளைத் தட்டித் திறப்பது ராக்கர் ஆர்ம் என்ற சின்ன நெம்புகோல். அதன் நுனிக்கும் வால்வின் உச்சிக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். தலைமுடி தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாகும்போது உலோகம் விரியும்; அந்த விரிவுக்கு இடம் கொடுக்கத்தான் இந்த இடைவெளி. ஒவ்வொரு முறையும் ராக்கர் அந்த இடைவெளியைத் தாண்டி வால்வைத் தொடும்போது ஒரு 'டிக்'. ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 முறை சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு வால்வும் அதில் பாதி, அதாவது 700 முறை திறந்து மூடுகிறது. அதனால்தான் அது தையல் மெஷின் ஓடுவதைப்போலக் கேட்கிறது.

சீரான, லேசான, உலர்ந்த தையல் மெஷின் சத்தம் நார்மல். அது கேட்கிறது என்பதற்காகவே டேப்பெட் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

இன்னும் ஒரு படி மேலே சொல்கிறேன். டேப்பெட் சத்தம் சுத்தமாகவே கேட்காத பழைய வண்டியைப் பார்த்துத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாளாக நாளாக வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலே ஏறும். அப்போது இடைவெளி குறையும், சத்தமும் குறையும். 'வண்டி சைலன்ட் ஆயிடுச்சு' என்று நாம் சந்தோஷப்படுவோம். உள்ளே என்ன நடக்கிறது என்றால், வால்வு முழுசாக மூடுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கையில் ஒட்டி உட்காரும்போதுதான் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்தும். உட்காரவே முடியவில்லை என்றால் அதன் விளிம்பு கருகும். கம்ப்ரஷன் இறங்கும், காலையில் கிக்கர் அடித்து அடித்துக் கால் வலிக்கும், இழுவை குறையும். அந்த நிலையில்தான் நிஜமாகவே ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.

அதனால், மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, சத்தமே வராத மாதிரி டேப்பெட்டை டைட் பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாமே காசு கொடுத்து வால்வைக் கருக்கிக்கொள்ளும் வேலை அது.

காலை முதல் கிக்கில்...

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறி கேம் ஷாஃப்ட் வரை வரச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் இடது பக்கத்திலிருந்து ஒரு 'கர கர' கேட்கலாம். அது டைமிங் செயின். கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் சின்னச் சங்கிலி. அதைத் தொய்வில்லாமல் பிடித்து வைப்பது டென்ஷனர். சில விநாடிகளில் அடங்கிவிட்டால் கவலையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அந்தக் 'கர கர' தொடர்ந்தாலோ, ஆக்ஸிலரேட்டரைத் திறந்து மூடும்போது சங்கிலியைத் தகரத்தில் தேய்ப்பதுபோலக் கேட்டாலோ, டென்ஷனரையும் செயினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்கும் ஒரு மந்தமான 'டப டப' பிஸ்டனுடையது. சிலிண்டர் கொஞ்சம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் லேசாக ஆடித் தட்டும். சூடாகி விரிந்ததும் சத்தம் நின்றுவிடும். வயதின் அடையாளம்தான். புகை வரவில்லை, எண்ணெய் குறையவில்லை என்றால் அப்படியே ஓட்டலாம்.

வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, படி ஏறும்போது 'டிங்... டிங்...' என்று கேட்கிறதே, அது சைலன்சரும் ஃபின்களும் ஆறிச் சுருங்கும் சத்தம். புது வண்டியிலும் வரும்.

கிளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள்

நியூட்ரலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வலது பக்கத்திலிருந்து ஒரு 'கட கட' வருகிறதா? கிளட்ச் லீவரை மெதுவாக அழுத்துங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ, அது கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் பக்கத்து ஆட்டம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒரே சீராகச் சுற்றாது, தட்டித் தட்டித்தான் சுற்றும்; அந்த அதிர்வில் கிளட்ச்சின் பற்சக்கரம் கொஞ்சம் ஆடும். ஐடிலிங் ரொம்பக் குறைவாக வைத்திருந்தால் இது பெரிதாகக் கேட்கும். மைலேஜுக்காக ஐடிலிங்கைக் குறைத்து வைப்பது நம்ம ஊர் வழக்கம். ஐடிலிங் ஸ்க்ரூவை சரியான அளவுக்குக் கொண்டுவந்தாலே பாதி 'கட கட' காணாமல் போவதுண்டு.

இதே சோதனையை ஓடும்போதும் செய்யலாம். காலியான, நேரான ரோட்டில் மட்டும். கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். எஞ்சின் வேகம் இறங்கும், வண்டி வேகம் அப்படியே இருக்கும். சத்தம் எஞ்சினோடு இறங்கினால் அது எஞ்சினுடையது. வண்டியோடு தொடர்ந்தால் செயின், வீல் பேரிங், பிரேக் என்று தேட வேண்டும். ஸ்ப்ளெண்டரில் செயினை முழுசாக மூடும் கவர் இருப்பதால், தொய்ந்த செயின் உள்ளே தகரத்தில் அடித்து எஞ்சினே உடைவதுபோலச் சத்தம் போடும். செயினை இழுத்துக் கட்டினால் முடிந்தது.

இதைவிடச் சுலபமானவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். நம்பர் பிளேட், லெக் கார்டு, சைலன்சரின் மேல் தகடு, இவற்றில் ஒரு போல்ட் லூஸாக இருந்தால் போதும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் மறைந்துபோகும் சத்தம் பெரும்பாலும் இந்த மாதிரிதான். டேப்பெட் என்று தப்பாக நினைக்கவைக்கும் இன்னொன்று, சைலன்சர் பைப் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருப்பது. 'ட்சக் ட்சக்' என்று டேப்பெட் மாதிரியே கேட்கும். அந்த மூட்டில் கரி படிந்திருக்கிறதா என்று, எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். கேஸ்கட் விலை ஒரு டிபன் காசுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்தச் சத்தம் என்றால் நிறுத்திவிடுங்கள்

ஆழமான, கனமான 'டொக் டொக்'. 'டிக்' மேலே தலைப்பகுதியில் கேட்கும். இது கீழே, எஞ்சினின் வயிற்றிலிருந்து வரும். ஃபுட்ரெஸ்ட்டில் கால் வழியாகவே உணரலாம். சூடானாலும் குறையாது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், ஆள் ஏற்றினால், மேடு ஏறினால் அதிகமாகும். கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்ததன் அறிகுறி இது. இங்கே 'எஞ்சின் இறக்கணும்' என்று மெக்கானிக் சொன்னால் அவர் சொல்வது சரி. ஊர் வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ராடு உடைந்தால் பின் சக்கரமே திடீரென்று பூட்டிக்கொள்ளலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டோ, ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும்.

மேம்பாலம் ஏறும்போது டாப் கியரிலேயே இழுத்தால், டப்பாவில் கோலிக்குண்டு உருட்டியதுபோல 'கிண கிண' என்று கேட்கும். கியரைக் குறைத்ததும் நின்றுவிட்டால், தப்பு வண்டியிடம் இல்லை, நம்மிடம்தான். சரியான கியரிலும் அது தொடர்ந்தால் உள்ளே படிந்த கரி, இக்னிஷன் டைமிங், பெட்ரோலின் தரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் அடிவாங்கும்.

நேற்றுவரை லேசாக இருந்த 'டிக் டிக்' இன்று திடீரென்று கூடிவிட்டால், ஸ்பேனரைத் தேடும் முன் எண்ணெயைப் பாருங்கள். பழைய எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் குடிக்கும். இந்த எஞ்சினில் இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவு. குறைந்தால் முதலில் காய்வது மேலே இருக்கும் கேமும் ராக்கரும்தான். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விடுங்கள். திருகாமல் சும்மா உட்காரவைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மாதம் இருமுறை இதைச் செய்தால் போதும். ஊற்றும்போது பைக்குக்கான எண்ணெயே ஊற்றுங்கள். டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' என்று போட்டிருக்கும். இந்த எஞ்சினில் கிளட்ச்சும் அதே எண்ணெயில்தான் குளிக்கிறது. கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

உங்கள் போன்தான் சாட்சி

வண்டி நன்றாக ஓடும் ஒரு நாளிலேயே அதன் சத்தத்தைப் பதிவுசெய்து வையுங்கள். காலை முதல் ஸ்டார்ட் அரை நிமிடம், பத்து நிமிடம் ஓட்டிய பிறகு அரை நிமிடம். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே தூரம். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். போன் மைக் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், அந்தக் கனமான 'டொக்'கைச் சில சமயம் மெலிதாக்கிவிடும். எனவே ரெக்கார்டிங்கை மட்டும் கேட்டு நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மாற்றம் தெரியும். அதேபோல, ரீல்ஸில் வேறு யாரோ ஓட்டும் வண்டியின் சத்தத்தோடு ஒப்பிட வேண்டாம். பழைய புல்லட்டில் புஷ்ராடு இருக்கிறது, அதன் சத்தமே வேறு. ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக். அதில் ராக்கர் தட்டித் திறக்கும் வால்வே கிடையாது, டேப்பெட் சத்தத்துக்கு எங்கே போவது?

செகண்ட் ஹேண்டில் ஸ்ப்ளெண்டர் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், 'நாளைக்கு காலையில வர்றேன்ணே, அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் அரை நிமிடத்தைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அதிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்பவர்களும் உண்டு.

கடைசியில் மெக்கானிக்கிடம் போயே ஆக வேண்டும் என்றால், 'ஏதோ சத்தம் வருதுண்ணே' என்று ஆரம்பிக்காதீர்கள். 'ரெண்டு வாரமா வருது, சூடானதும் வருது, மேல இடது பக்கம் கேக்குது, கிளட்ச் பிடிச்சாலும் நிக்கல' என்று சொல்லுங்கள். அவருக்கும் பாதி வேலை மிச்சம். டேப்பெட்டை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து செட் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் முழுசாக ஆறியிருந்தால்தான் அந்த அளவு சரியாக வரும். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய உடனே செட் செய்வதில் பிரயோஜனமில்லை. முதல்நாள் ராத்திரியே வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.